நெருப்பு வைத்தால் ஐஸ்கட்டி

அந்தப் பெட்டிக்குள் மோட்டார் கிடையாது. சுற்றுகிற, ஆடுகிற உறுப்பு ஒன்றுகூடக் கிடையாது. பின்பக்கம் கட்டைவிரல் அளவுக்கு ஒரு நீலச் சுடர் மட்டும் எரிந்துகொண்டிருக்கிறது. கதவைத் திறந்தால் பால் குளிர்ந்திருக்கிறது, மேல்தட்டில் ஐஸ்கட்டி உறைந்திருக்கிறது. வெளியே சுற்றிலும் கலிபோர்னியாவின் மொஹாவி பாலைவனம். மின்கம்பம் இல்லை, குழாய் இல்லை, பக்கத்து வீடு என்று சொல்ல நாற்பது ஐம்பது கிலோமீட்டருக்கு எதுவும் இல்லை.

நெருப்பு வைத்துக் குளிர் உண்டாக்கும் இந்த வித்தையை 1922-ல் ஸ்டாக்ஹோமில் படித்துக்கொண்டிருந்த இரண்டு மாணவர்கள் கண்டுபிடித்தார்கள்: பால்ட்சார் ஃபான் பிளாட்டன், கார்ல் முன்டர்ஸ். பெட்டியின் குழாய்களுக்குள் தண்ணீர், அம்மோனியா, ஹைட்ரஜன் என்று மூன்று பேர் குடியிருக்கிறார்கள். சுடர், அம்மோனியா கலந்த தண்ணீரைச் சூடாக்கும். அம்மோனியா ஆவியாகி மேலே போகும், முதுகுப்புறத் தகடுகளில் வெப்பத்தை விட்டுவிட்டுத் திரவமாகும், பிறகு தன் எடையாலேயே வழிந்து பெட்டிக்குள் இறங்கும். அங்கே ஹைட்ரஜன் காத்திருக்கிறது. ஹைட்ரஜன் நிறைந்த இடத்தில் அம்மோனியாவின் பங்கு அழுத்தம் குறைவு என்பதால், அது மறுபடி ஆவியாகத் துடிக்கும். ஆவியாக வெப்பம் வேண்டும். அந்த வெப்பத்தைப் பால் பாக்கெட்டிலிருந்து பிடுங்கிக்கொள்ளும். கடைசியில் தண்ணீர் வந்து அம்மோனியாவை உறிஞ்சிக்கொள்ள, ஹைட்ரஜன் விடுதலையாகித் தன் இடத்துக்குத் திரும்பும். ஐன்ஸ்டைனும் லியோ சிலார்டும்கூட ஓடும் உறுப்பில்லாத குளிர்பெட்டி ஒன்றுக்கு 1930-ல் அமெரிக்கக் காப்புரிமை வாங்கினார்கள். ஆனால் கடைக்கு வந்து நிலைத்தது மாணவர்களுடைய பெட்டிதான்.

இந்தப் பெட்டிக்கு ஒரு பிடிவாதம் உண்டு. எல்லாம் புவியீர்ப்பில் வழிந்து ஓடுவதால், வண்டி சமதளத்தில் நிற்க வேண்டும். சாய்வில் நிறுத்தினால் திரவம் ஒரு மூலையில் தேங்கிவிடும், சுடர் மட்டும் காய்ந்த குழாயைச் சுட்டுக்கொண்டிருக்கும். அதனால்தான் பழைய வண்டிக்காரர்கள் ஓரிடத்தில் நிறுத்தியவுடன், காட்சியைப் பார்ப்பதற்கு முன்னால் இரசமட்டத்தை எடுத்துத் தரையில் வைக்கிறார்கள். இன்னொரு குறையும் உண்டு. முதுகுத் தகடு வெப்பத்தை வெளிக்காற்றில் கொட்டியாக வேண்டும். வெளிக்காற்றே 45 டிகிரி என்றால் எங்கே கொட்டும்? மிகவும் தேவைப்படும் நாளில்தான் இந்தப் பெட்டி தடுமாறும். இப்போது பேட்டரியில் ஓடும் கம்ப்ரஸர் பெட்டிகள் இதன் இடத்தைப் பிடித்துவருகின்றன.

வண்டியைப் பற்றிச் சொல்லவில்லையே. படப்பிடிப்புத் தளத்தில் நட்சத்திரங்களுக்காக நிற்குமே கேரவன், அதன் ஒன்றுவிட்ட தம்பி. அமெரிக்காவில் ஆர்.வி. என்பார்கள். படுக்கை, அடுப்பு, கழிப்பறை, தண்ணீர்த் தொட்டி எல்லாம் சக்கரத்தின் மேல். ஓய்வுபெற்றவர்கள், மடிக்கணினியில் வேலை பார்ப்பவர்கள், தனிமையை விரும்புகிறவர்கள் என்று பலர் இதில் தனியாகவே கிளம்பிவிடுகிறார்கள். நில மேலாண்மைப் பணியகம் என்ற அரசுத் துறையின் கையில் சுமார் 24.5 கோடி ஏக்கர் இருக்கிறது. அதில் பெரும்பகுதியில் 14 நாள் வரை காசில்லாமல் தங்கலாம். இணைப்பு எதுவும் இல்லாமல் இப்படி வெட்டவெளியில் தங்குவதற்குப் 'பூண்டாக்கிங்' என்று பெயர். டகாலோக் மொழியில் 'புந்தோக்' என்றால் மலை. பிலிப்பைன்ஸுக்குப் போன அமெரிக்கச் சிப்பாய்கள் வீட்டுக்குக் கொண்டுவந்த சொல் இது.

நகரத்தில் நமக்குத் தண்ணீரும் குளிரும் வெளிச்சமும் சுவருக்குப் பின்னாலிருந்து வருகின்றன. எவ்வளவு செலவானது என்று மாதக் கடைசியில் சீட்டு வந்தால்தான் தெரியும். பாலைவன வண்டியில் சுவருக்குப் பின்னால் பாலைவனம்தான் இருக்கிறது. கணக்கு அன்றன்றைக்கே தீர வேண்டும், தனியாகப் போனவருக்குக் கூட்டலைச் சரிபார்க்க ஆளும் கிடையாது.

மின்சாரக் கணக்கை முதலில் போட்டுப் பார்ப்போம். 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரி ஒன்றில் கிட்டத்தட்ட 1.3 யூனிட் மின்சாரம் இருக்கும். கூரையில் 400 வாட் சூரியத் தகடு இருந்தால், நல்ல வெயில் நாளில் சுமார் 2 யூனிட் சேரும். விளக்கு, விசிறி, தொலைபேசி, மடிக்கணினி எல்லாவற்றுக்கும் இது தாராளம். ஏசியைப் போட்டுப் பாருங்கள். கூரை ஏசி ஒன்று மணிக்கு ஏறக்குறைய ஒன்றரை யூனிட் குடிக்கும். பகல் முழுக்கச் சேர்த்தது ஒன்றேகால் மணி நேரத்தில் காலி. வெயில் அதிகம், ஆகவே மின்சாரமும் அதிகம் வரும் என்று எண்ணுவதும் தப்பு. சிலிக்கான் தகடு 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் தன் திறனில் 0.3 முதல் 0.4 சதவீதம் இழக்கும். கூரையில் 65 டிகிரிக்குக் காய்ந்த தகடு, எழுதியிருப்பதில் ஏழில் ஒரு பங்கைத் தருவதில்லை. விளம்பரப் படங்களில் மணல்மேட்டின் உச்சியில் குளிர்ச்சியாக ஒருவர் காபி குடிப்பது ஜெனரேட்டர் இரைச்சல் கேட்காத படம்.

ஏசி இல்லாவிட்டால் என்ன செய்வது? மலை இருக்கிறது.

தேசியப் பூங்காவாக இருக்கும் டெத் வேலி என்ற மரணப் பள்ளத்தாக்கை எடுத்துக்கொள்வோம். அதன் அடித்தளமான பேட்வாட்டர், கடல்மட்டத்துக்கு 86 மீட்டர் கீழே. அங்கே நின்று மேற்கே நிமிர்ந்து பார்த்தால், 3,360 மீட்டருக்கும் மேல் உயர்ந்த டெலஸ்கோப் சிகரம் பனித்தொப்பியோடு தெரியும். இடையில் ஒரு மாவட்டத் தலைநகருக்குப் போய்வரும் தூரம்கூட இல்லை. வறண்ட காற்று மேலே ஏறும்போது, ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் கிட்டத்தட்ட 10 டிகிரி குளிரும். உயரத்தில் அழுத்தம் குறைவு, ஆகவே காற்று விரிகிறது. விரிவதற்குச் செலவழிக்கும் ஆற்றல் அதன் சொந்த வெப்பத்திலிருந்தே போகிறது. ஃபர்னஸ் க்ரீக் என்ற கீழ்த்தளத்தில் ஜூலை மாதப் பகல் உச்சம் சராசரியாக 47 டிகிரி. அங்கிருந்து இரண்டரை கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும் மஹோகனி ஃப்ளாட் முகாமில் இருபது டிகிரி வரை குறைந்திருக்கும், இரவில் போர்வை தேடுவீர்கள். மேட்டுப்பாளையத்தில் வியர்த்தவர் ஊட்டியில் ஸ்வெட்டர் போடுகிறாரே, அதே விதிதான். ஆனால் இந்தக் குளிர்சாதனத்துக்குப் பெரிய வண்டி போகாது. மஹோகனி ஃப்ளாட்டுக்கு ஏறும் வழியில் 25 அடிக்கு மேல் நீளமான வண்டிகளுக்குத் தடை, கடைசிப் பகுதி கரடுமுரடான மண்பாதை. மாளிகை வைத்திருப்பவர் கீழே வேக வேண்டியதுதான், சின்ன வேன்காரர் மேலே போய் நிம்மதியாகத் தூங்குகிறார்.

இந்தப் பள்ளத்தாக்கு ஏன் இப்படிக் காய்கிறது என்பதற்கும் மலைதான் பதில். பசிபிக் கடலின் ஈரக்காற்று கிழக்கே வரும்போது முதலில் சியர்ரா நெவாடாவில் ஏறியாக வேண்டும். அங்கே விட்னி சிகரத்தின் உயரமே 4,421 மீட்டர். ஏறும்போது குளிர்ந்து மழையும் பனியுமாகக் கொட்டிவிடும். மிச்சம் மீதியை அடுத்தடுத்த மலைத்தொடர்கள் பிழிந்துவிடும். தென்மேற்குப் பருவத்தில் வால்பாறை நனையும்போது பல்லடம் வெறும் காற்றில் காய்கிறதே, அந்த மழைமறைவை மூன்று தடவை அடுக்கிவைத்ததாக நினைத்துக்கொள்ளலாம். ஃபர்னஸ் க்ரீக்கின் ஆண்டு மழை சராசரியாக 60 மில்லிமீட்டரைத் தொடுவதில்லை. பிழியப்பட்ட காற்று கடைசி மலையிலிருந்து இறங்கும்போது அழுந்துகிறது, அழுந்தும்போது சூடாகிறது. இடுங்கிய ஆழப் பள்ளத்தில் அந்தச் சூடு வெளியேற வழியும் இல்லை. 1913 ஜூலை 10 அன்று இங்கே பதிவான 56.7 டிகிரிதான் உலகச் சாதனை என்று இன்றும் ஏடுகளில் இருக்கிறது, அதைச் சந்தேகிக்கும் வானிலையாளர்களும் இருக்கிறார்கள். அது காற்றின் வெப்பம். 1972 ஜூலையில் தரையின் வெப்பத்தை அளந்தபோது 93.9 டிகிரி இருந்தது. அந்தத் தரையில்தான் டயர் நிற்கிறது, செருப்பு நடக்கிறது.

மலையில் ஏறுவதும் இறங்குவதும் வண்டிக்குத் தனித்தனிச் சோதனைகள். ஏறும்போது எஞ்சின் கொதிக்காமலிருக்க ஏசியை அணைக்கச் சொல்லிச் சாலையோரம் பலகை வைத்திருக்கிறார்கள். எனக்கு அதைவிடச் சுவாரசியமானது இறங்குவதுதான். டவுன் கணவாயின் உச்சியிலிருந்து கடல்மட்டத்தில் இருக்கும் ஸ்டோவ்பைப் வெல்ஸ் வரை, முப்பது கிலோமீட்டருக்குள் சாலை 1,500 மீட்டர் இறங்குகிறது. ஐந்து டன் எடையுள்ள வண்டி அந்த உயரத்தில் சேமித்துவைத்திருக்கும் ஆற்றல் ஏழு கோடி ஜூலுக்கும் மேல், அதாவது சுமார் 20 யூனிட். இறங்கி முடிப்பதற்குள் அது முழுவதும் எங்காவது வெப்பமாகப் போயாக வேண்டும். 250 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுபோகும் வெப்பம் அது. ஒரு பங்கைக் காற்றின் தடையும் டயரின் உராய்வும் வாங்கிக்கொள்ளும். மிச்சத்தை பிரேக் மட்டும் வாங்கினால் தகடு பழுக்கும், பிடி நழுவும், மிதித்த கால் கீழே போய்க்கொண்டே இருக்கும். அதற்குத்தான் லாரி ஓட்டுநர்கள் எந்தக் கியரில் ஏறினார்களோ அந்தக் கியரிலேயே இறங்குகிறார்கள். எஞ்சின் அந்த வெப்பத்தை ரேடியேட்டர் வழியாகவும் புகைக்குழாய் வழியாகவும் வெளியே தள்ளிவிடும். நம் கொல்லிமலைக் கொண்டை ஊசி வளைவுகளில் ஓட்டியவருக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை.

தார்ச்சாலை முடிந்து மண்பாதை தொடங்கும் இடத்தில் இன்னொரு பௌதிகம் காத்திருக்கிறது. ரேஸ்டிராக் என்ற காய்ந்த ஏரிப்படுகைக்குப் போகும் 43 கிலோமீட்டர் பாதை, துணி துவைக்கும் பலகைபோல் குறுக்கே வரிவரியாக இருக்கும். பல்லெல்லாம் ஆடும். கனமான லாரிகள் கெடுத்துவிட்டன, சஸ்பென்ஷன் ஸ்பிரிங்குகளின் துள்ளல் காரணம் என்று பலரும் சொல்வதுண்டு. 2007-ல் டாபர்லே, மோரிஸ், மெக்எல்வைன் என்ற மூவர், சுழலும் மணல் மேடையின்மேல் ஸ்பிரிங்கே இல்லாத சாதாரணச் சக்கரத்தை உருட்டிப் பார்த்தார்கள். வரிகள் வந்தன. மணலுக்குப் பதிலாக அரிசி போட்டும் பார்த்தார்கள், அப்போதும் வந்தன. ஒரு குறிப்பிட்ட வேகத்தைத் தாண்டினால், சக்கரம் சிறு மேட்டில் ஏறித் துள்ளி, விழும் இடத்தில் குழிபறிக்கிறது. குழி அடுத்த மேட்டை உண்டாக்குகிறது. குளத்தில் ஓட்டுச் சில்லைத் தத்தித் தத்தி எறிவதற்கும் இதற்கும் உறவு உண்டு என்கிறார்கள். வரியே விழாமலிருக்க ஓட்ட வேண்டிய வேகம் மாட்டுவண்டியின் வேகம்தான், அதற்கு யாருக்கும் பொறுமை இல்லை. தெரிந்தவர்கள் செய்யும் காரியம் ஒன்று உண்டு: டயரின் காற்றைக் குறைப்பார்கள். தரையைத் தொடும் பரப்பு கூடும், கூர்கற்களின்மேல் டயர் வளைந்துகொடுக்கும். திரும்பித் தார்ச்சாலைக்கு வந்ததும் நிரப்ப, கையோடு காற்றடிக்கும் பம்பு வேண்டும். வாடகைக்கு எடுத்த கேரவனை இந்தப் பாதையில் இறக்குவது மடமை. பிக்-அப் லாரியின் முதுகில் ஏற்றிய சின்னக் கூண்டுவீடுதான் இதற்குச் சரி.

அந்தப் பாடுபட்டுப் போனால் என்ன கிடைக்கும்? தானே நகர்ந்து தடம் பதித்த கற்கள். பல ஆண்டுகள் ஆள் மாற்றி ஆள் காரணம் சொன்னார்கள். 2013 டிசம்பரில் ரிச்சர்ட் நோரிஸும் ஜேம்ஸ் நோரிஸும் அங்கேயே நின்று கண்ணால் பார்த்துவிட்டார்கள். படுகையில் தேங்கிய சொற்ப நீர் இரவில் சில மில்லிமீட்டர் தடிப்புக்கு உறைகிறது. காலை வெயிலில் அந்தப் பனித்தகடு பெரிய பெரிய துண்டுகளாக உடைகிறது. மெல்லிய காற்று அதைத் தள்ள, அது கல்லைத் தள்ள, நிமிடத்துக்குச் சில மீட்டர் வேகத்தில் கல் சேற்றில் ஊர்கிறது. உலகின் வெப்பச் சாதனை ஏட்டில் இருக்கும் அதே பூங்காவில் கல்லை நகர்த்துவது பனிக்கட்டி.

இனித் தண்ணீர். காற்றின் வெப்பம் தோலின் வெப்பத்தைத் தாண்டிவிட்டால், உடம்பு சூட்டை வெளியேற்ற ஒரே வழிதான் மிச்சம்: வியர்வை ஆவியாவது. ஒரு லிட்டர் வியர்வை ஆவியானால் சுமார் 2,400 கிலோஜூல் வெப்பம் போகிறது. எட்டு லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்கும் அளவு அது. வெயிலில் நடப்பவருக்கு மணிக்கு ஒரு லிட்டருக்கு மேல் வியர்க்கும். சென்னையில் சட்டை நனைவதால் வியர்ப்பது தெரிகிறது. இங்கே காற்று அவ்வளவு வறண்டது, வியர்வை தோலுக்கு வந்தவுடனே பறந்துவிடுகிறது. சட்டை காய்ந்தே இருப்பதால், தண்ணீர் போவது தெரிவதில்லை. நெற்றியில் கைவைத்தால் உப்பு மட்டும் நறநறக்கும். ஆளுக்கு ஒரு நாளைக்கு நாலு லிட்டராவது குடிநீர் என்று பூங்காக்காரர்கள் சொல்வது சும்மா இருப்பவருக்கான கணக்கு. அதற்குமேல் சமையல், பாத்திரம், கைகால் கழுவல். தண்ணீர் ஒரு லிட்டர் ஒரு கிலோ. இரண்டு வாரத்துக்கு 150 லிட்டர் ஏற்றினால், கூடவே இரண்டு ஆட்களை ஏற்றிய எடை, அந்த வரிவரிப் பாதையில். பாலைவனத்தில் தங்கும் நாட்களைத் தீர்மானிப்பது பெரும்பாலும் பெட்ரோல் இல்லை, இந்தத் தொட்டிதான். அடுத்தது கழிவுநீர்த் தொட்டி. அதைக் கண்ட இடத்தில் திறந்துவிட முடியாது, திறந்துவிடவும் கூடாது.

தண்ணீர் இல்லாத ஊரில் தண்ணீரே ஆளை அடித்துக்கொண்டு போகும் என்பது புதியவர்களுக்கு நம்பக் கடினமாக இருக்கும். மணல் பரவிய, தட்டையான, காற்றுக்கு மறைவான இடம் கண்ணில் பட்டால், வண்டியை நிறுத்தத் தோன்றும், குளிர்பெட்டிக்கு இரசமட்டம்கூடச் சரியாக இருக்கும். பெரும்பாலும் அது காட்டாற்றின் படுக்கை. வெறும் பாறை மழையை உறிஞ்சாது, வேர்பிடித்த மண்ணும் இல்லை. எங்கோ மலையில் பெய்தது, நட்சத்திரம் தெரியும் உங்கள் வானத்தின் கீழே சேறும் கல்லுமாக வந்து சேரும். 2022 ஆகஸ்ட் 5 அன்று, ஃபர்னஸ் க்ரீக்கில் மூன்று மணி நேரத்தில் 37 மில்லிமீட்டர் பெய்தது. நம் ஊரில் அதற்குப் பள்ளி விடுமுறைகூட விடமாட்டார்கள். அங்கே ஆண்டு மழையின் பெரும்பங்கு அது. அறுபது கார்கள் சேற்றில் புதைந்தன, சுமார் ஆயிரம் பேர் வெளியேற வழியில்லாமல் நின்றார்கள். அடுத்த ஆண்டு ஆகஸ்ட் 20 அன்று, ஹிலரி புயலின் மிச்சம் ஒரே நாளில் 56 மில்லிமீட்டர் கொட்டியது. பேட்வாட்டரின் உப்புத்தளத்தில் ஏரி ஒன்று எழுந்து நின்றது. பனியுகத்தில் அங்கே இருந்த பேரேரியின் பெயரையே இதற்கும் சொன்னார்கள்: மேன்லி ஏரி.

வில்லியம் லூயிஸ் மேன்லி என்ற அந்த ஆளைப் பற்றிச் சொல்லாமல் முடியாது. 1849-ல் கலிபோர்னியாவின் தங்கத்தைத் தேடிப் போனவர்களில் ஒரு கூட்டம் குறுக்குவழி என்று நம்பி, கித்தான் கூரை போட்ட மாட்டுவண்டிகளோடு இந்தப் பள்ளத்தாக்கில் வந்து மாட்டிக்கொண்டது. அதுதான் இங்கே வந்த முதல் சக்கர வீடு. ஒரு குழு வண்டிகளையே உடைத்து விறகாக்கி, மாட்டிறைச்சியை வாட்டி எடுத்துக்கொண்டு நடந்தது. குழந்தைகளோடு இருந்த இன்னொரு குழு ஓர் ஊற்றருகே தங்கிவிட, மேன்லியும் ஜான் ரோஜர்ஸும் மலைகளைத் தாண்டி நடந்துபோய், உணவோடு திரும்பிவந்து அவர்களை மீட்டார்கள். போய்வர நாலு வாரத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஆயிற்று.

1996 ஜூலையில் ஜெர்மனியிலிருந்து வந்த நால்வர், இரண்டு பெரியவர்களும் இரண்டு குழந்தைகளும், வாடகை மினிவேனில் இதே பள்ளத்தாக்கின் தெற்குப் பகுதியில் நுழைந்தார்கள். அக்டோபரில் வேன் மட்டும் கிடைத்தது, ஆன்வில் பள்ளத்தாக்கின் மணலில், டயர்கள் கிழிந்து. அதை விட்டுவிட்டு அவர்கள் நடந்திருக்கிறார்கள். எலும்புகள் கிடைத்தது 2009-ல்.

இரண்டு கதையிலும் வண்டி நின்றது, உதவி தேடி மனிதர்கள் நடந்தார்கள். மேன்லி துணிச்சல்காரர்தான், மறுக்கவில்லை. ஆனால் அவர் நடந்தது ஜனவரியில். ஃபர்னஸ் க்ரீக்கில் ஜனவரிப் பகல் 20 டிகிரியை ஒட்டி இருக்கும். ஜூலையில் மணிக்கு ஒரு லிட்டருக்கு மேல் வியர்வை என்றால், ஒரு மனிதர் தூக்கிச் செல்லக்கூடிய தண்ணீர் எத்தனை மணி நேரத்துக்கு வரும் என்று நீங்களே வகுத்துப் பாருங்கள். என் தீர்ப்பு இதுதான்: இந்த இரண்டு முடிவுகளுக்கும் நடுவே இருந்த வித்தியாசத்தில் பெரும்பங்கு நாட்காட்டியுடையது.

பூங்காவின் பெரும்பகுதியில் தொலைபேசி வேலை செய்யாது, மலைகள் குறுக்கே நிற்கின்றன. தனியாகப் போகிறவர் கையில் இருக்க வேண்டியது 406 மெகாஹெர்ட்ஸில் கூவும் ஒரு சிறு அவசரக் கருவி, அல்லது செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் கருவி. பனிப்போர் நடந்துகொண்டிருந்த 1979-ல் அமெரிக்காவும் சோவியத் ஒன்றியமும் கனடாவோடும் பிரான்ஸோடும் சேர்ந்து தொடங்கிய கோஸ்பாஸ்-சார்சாட் என்ற ஏற்பாடு அந்தக் கூவலைக் கேட்கிறது. தொடக்க காலத்தில், செயற்கைக்கோள் நெருங்கும்போதும் விலகும்போதும் அலைவரிசை மாறுவதை வைத்தே, கூவியவர் இருக்கும் இடத்தைக் கணக்கிட்டார்கள். ஆம்புலன்ஸ் நம்மைத் தாண்டும்போது சத்தத்தின் சுருதி இறங்குமே, அதே டாப்ளர் விளைவு. கருவியை அழுத்திய பிறகு செய்ய வேண்டியது, வண்டியின் நிழலைவிட்டு நகராமல் இருப்பது. ஹெலிகாப்டரிலிருந்து பார்ப்பவருக்குப் பழுப்பு நிலத்தில் வெள்ளை வேன் பளிச்சென்று தெரியும், மனிதர் தெரியமாட்டார்.

போகிறவர்கள் நவம்பருக்கும் மார்ச்சுக்கும் இடையில் போங்கள். எந்தப் பாதையில் போகிறீர்கள், எந்தத் தேதியில் திரும்புவீர்கள் என்று ஒரு தாளில் எழுதி, வராவிட்டால் தேடச் சொல்லும் ஒருவரிடம் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள்.